அம்மாவைக் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன மறுமொழி

தம்பி,

சுகம் விசாரிக்க முன்னம் ஒரு களவை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆவணி தொடக்கம் உனக்கு வந்த மூன்று கடிதங்களின் அடியில் "இப்படிக்கு, அன்பு அம்மா" என்று இருந்ததே, அந்த அம்மா நான்தான். அவவுடைய பழைய கடிதம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, "ழ"வுக்கு வால் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு அது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரு பக்கம் எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. எழுத்தில் நீ பிடிக்கவில்லை. மூன்றாவது கடிதத்தில் உன் மாமாவின் வழுக்கையைப் பற்றி ஒரு பகிடி விட்டேன், அதில் பிடித்துவிட்டாய். "அம்மா தன்ரை தம்பியை ஒருநாளும் பகிடி பண்ணமாட்டா. இது உங்கடை வேலை அப்பா" என்று எழுதியிருந்தாய். பஸ்ஸில் கொண்டக்டராக நின்று எத்தனை பேருடைய பழைய ரிக்கற்றைக் கண்டுபிடித்தவன், பெற்ற பிள்ளையிடம் அம்பிட்டுப் போனேனே என்று வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதை மாமாவுக்குச் சொல்லாதே.

ஆனால் கடிதத்தின் மறுபக்கத்தைப் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. தை மாதம் கலியாண எழுத்தை வைத்துப் பதிந்துவிடலாம் என்று பெண் வீட்டில் சொல்கிறார்கள் என்றும், அம்மா தன் கையால் ஒரு வரி எழுதாமல் அல்லது ரெலிபோனில் ஒரு சொல் சொல்லாமல் நீ கையெழுத்து வைக்கமாட்டாய் என்றும் எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, "என்னை விட்டிட்டுப் போனதோடை அம்மா என்னை மறந்திட்டாவோ?" என்று ஒரு வரி. அந்த வரியை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. மடித்துக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு கிழமை, பதினாலு நாளும், தொழிற்சாலைக்குப் போய் வந்தேன். நாலாவது கடிதத்தையும் அம்மாவாக எழுதி, "மகனே, உன் விருப்பமே என் விருப்பம்" என்று போட்டால் காரியம் முடிந்துவிடும் என்று ஒரு நாள் பேனையை எடுத்ததும் உண்மை. முடியவில்லை. அதனால் இந்தக் கடிதத்தை அப்பாவாகவே எழுதுகிறேன். இங்கே டென்மார்க்கில், இந்த இக்காஸ்ட் ஊரில் எங்கள் பெடியள் நடத்துகிற கையெழுத்துச் சஞ்சிகைக்கும் ஒரு பிரதி கொடுக்கப்போகிறேன். ஒளித்தது போதும்.

சஞ்சிகையில் வாசிக்கிறவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். உங்களை ஊரில் விட்டு, நான் முதலில் தனியாக டென்மார்க்குக்கு வந்தேன். இருக்க அனுமதி கிடைத்ததும் உன்னையும் அம்மாவையும் கூப்பிடப் பேப்பர் கொடுத்தேன். அப்போது உனக்குப் பதினாறு வயது. எங்கள் ஆக்களுடைய பேப்பர்கள் எல்லாம் அரசாங்கக் கந்தோரில் ஏதோ ஒரு மேசை லாச்சிக்குள் படுத்துக் கிடந்தன. ஏன் என்று கேட்க எங்களிடம் மொழியும் இல்லை, துணிவும் இல்லை. இப்போது, மந்திரியே பேப்பரை மறித்து வைத்தார் என்று அது பெரிய வழக்காகி, நீதிபதி இருந்து விசாரிக்கிறார், டிவியில் பெரிய மனிதர்கள் வியர்க்கிறார்கள். வேலைத்தலத்தில் டெனிஷ்காரர் சிலர் என்னைக் கண்டால், தாங்களே லாச்சியைப் பூட்டியது போலத் தலையைக் குனிகிறார்கள். லாச்சி திறந்தபோது உனக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது. அம்மாவுக்கு ஓம் என்று வந்தது. இனி நீ பிள்ளை இல்லை என்று உன் பெயரை வெட்டிவிட்டார்கள்.

அம்மா வரமாட்டேன் என்றுதான் சொன்னா. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். "பிள்ளையைத் தனிய விட்டிட்டு நான் என்னெண்டு வாறது?" என்று ரெலிபோனில் கேட்டா. நான்தான், "நீர் முதல் வாரும். வந்து நிண்டு கேட்டால் ஆறு மாசத்திலை அவனையும் எடுக்கலாம். அவன் என்ன பால்குடியே, போத்தில் குடுக்க?" என்று சிரித்தேன். ஆறு மாதம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அடுத்த ஸ்டாண்டில் இடம் கிடைக்கும் என்று சொல்லிச் சனத்தை ஏற்றிப் பழகிய வாய். பில்லுண்ட் விமான நிலையத்தில் கதவு திறந்து அம்மா வெளியே வந்தா. வந்தவ இரண்டு தரம் திரும்பிப் பின்னால் பார்த்தா. கைப்பையில் மேலாக ஒரு கம்பளிச் சட்டை இருந்தது. பேப்பர் வந்தால் உனக்கு உதவும் என்று எப்போதோ வாங்கி வைத்ததாம். நான் அதை எடுத்துப் போட்டுப் பார்த்து, "எனக்கெண்டு வாங்கினது மாதிரி அளவாய் இருக்கு" என்றேன். அம்மா கைப்பையை மூடினா.

முதல் வருஷம் நன்றாகத்தான் இருந்தா. மொழி வகுப்புக்குப் போனா, சைக்கிள் பழகி விழுந்தா, என்னை ஏசினா. ஆறு மாதம் போய் ஒரு வருஷமும் போனது. எழுதிப் போட்டதற்கெல்லாம் முடியாது என்றே மறுமொழி வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக விட்டா. வகுப்பை விட்டா. தலைக்கு எண்ணெய் வைக்கிறதை விட்டா. ஜன்னலடியில் கதிரையைப் போட்டு, கார் நிறுத்துகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பா. நான் வேலைக்குப் போகும்போது இருந்த இருப்பில் திரும்பி வரும்போதும் இருப்பா. இங்கே மாரிக் குளிரில் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும், லைற்றும் போட்டிருக்காது. நான் குளிர் என்று நினைத்தேன். பிறகு, உனக்கு ஒளிக்காமல் சொல்கிறேன், பஞ்சி, வெறும் சோம்பல் என்று நினைத்தேன். "சீமாட்டி எழும்பி ஒரு ரீ போடக்கூடாதோ?" என்று நக்கல் அடித்தேன். முன்பென்றால் "வாயைப் பொத்துங்கோ" என்று ஒரு அடி விழும். இப்போது எழும்பிப் போய், ரீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, திரும்பவும் கதிரையில் இருந்தா. உன் அம்மா என்னை ஏசுவதை நிறுத்திவிட்டா, தம்பி. வருத்தத்தின், அந்த நோயின், முதல் அடையாளம் அதுதான். எந்த டாக்குத்தரின் புத்தகத்தில் அது இருக்கிறதோ தெரியாது.

நான் துணி பின்னுகிற தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். எங்கள் மெஷினில் ஒரு நூல் அறுந்தால் போதும், மெஷின் தானாக நின்று மேலே சிவப்பு லைற் பற்றும். யாரும் மெஷினைப் பஞ்சி பிடித்தது என்று சொல்வதில்லை. ஓடிப்போய் நூலைத் தேடுவோம். மனுசருக்கு அந்த லைற்றை வைக்கக் கடவுள் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு ஒரு வருஷம் நக்கல் அடித்துக்கொண்டே திரிந்தேன்.

கடைசியில் குளியலறையில் அம்மா மயங்கி விழுந்த பிறகு டாக்குத்தரிடம் கூட்டிப்போனேன். மெல்லக் கதைக்கிற ஒரு பெண் டாக்குத்தர். மொழிபெயர்க்க ஆள் ஒழுங்கு செய்யலாம் என்றார். அந்த ஆள் எங்கள் ஆள், அவருடைய மனுசிக்கு ஒரு விஷயம் தெரிந்தால் பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரியும். இவவுக்கு விசர், மூளை பிசகிவிட்டது என்று கதை கட்டுவார்கள் என்று பயந்து, "நானே சொல்லுறன்" என்றேன். என்னுடைய டெனிஷ் மெஷினோடு கதைக்கப் போதுமான டெனிஷ். டாக்குத்தர் கேட்டார்: நித்திரை வருகிறதா, பசிக்கிறதா, ஏதாவது செய்ய மனம் வருகிறதா, எப்போதிருந்து இப்படி. நான் அம்மாவைக் கேட்காமலே பாதிக்கு மறுமொழி சொன்னேன். எனக்குத் தெரியாததா என்று நினைப்பு. கடைசியாக, செத்துப்போனால் நல்லது என்று இவ நினைக்கிறாவா என்று கேட்டார். "நை" என்றேன். இல்லை என்று அர்த்தம். டாக்குத்தர் என்னைப் பார்த்து, "நீங்கள் சொல்லவேண்டாம், அவவைக் கேளுங்கள்" என்றார். நான் அம்மாவின் பக்கம் திரும்பி, "குளிருதோ?" என்று கேட்டேன். அம்மா இல்லை என்று தலையாட்டினா. டாக்குத்தர் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

அந்தக் கேள்வியை என் வாயால் சொல்ல முடியவில்லை. அவ்வளவுதான். வேறு சாட்டு ஒன்றும் இல்லை.

டாக்குத்தர் ஒரு கடதாசியில் படம் கீறிக் காட்டினார். மூளைக்குள் இரண்டு நரம்பின் நுனிகள், நடுவில் ஒரு இடைவெளி, அதற்குள் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒரு நுனியில் இருந்து மற்றதுக்குச் செய்தி கொண்டுபோகிறவை அந்தப் புள்ளிகளாம். இந்த வருத்தத்தில் அவை போதாமல் போகும் என்று நினைக்கிறார்களாம், தான் எழுதித் தருகிற குளிசை, அந்த மாத்திரை, அவற்றைக் கொஞ்ச நேரம் மறித்து வைத்திருக்குமாம். கவலையால் வரலாம், காரணமே இல்லாமலும் வரலாம், கால் முறிந்தவரை எழும்பி ஓடு என்று சொல்வீர்களா என்று கேட்டார். நான் அந்தக் கிழமையும் "சீமாட்டி" என்று சொல்லியிருந்தேன். குளிசை பிடிக்க மூன்று நாலு கிழமை ஆகும் என்றார். முதலில் பிடித்தது வாய் வறட்சி. மற்றது நித்திரை, ஆனால் பகலில். மூன்று கிழமை போய் ஆறாகியும் அம்மா கதிரையிலேயே இருந்தா.

எனக்குப் பக்கத்து மெஷினில் நிற்கிறவன் பெயர் லாம். வியட்நாமில் இருந்து வள்ளத்தில் தப்பி வந்த சீனக்காரன். அவனும் நானும் கதைக்கிற டெனிஷைக் கேட்டால் டெனிஷ்காரர் அழுவார்கள், ஆனால் எங்களுக்கு விளங்கும். அவனுக்குச் சொன்னேன். பக்கத்து ஊர் ஹேர்னிங்கில் தன் மாமி ஒருவர் இருக்கிறா, சீன வைத்தியம் படித்தவ, வீட்டிலேயே வைத்து ஊசி குத்துவா என்றான். எனக்கு நம்பிக்கை இருந்து போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாமல் போனேன். அறுபது வயது மதிக்கத்தக்க மனுசி, வியட்நாம் செருப்பும் டென்மார்க் கம்பளியும். அம்மாவைக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையடியில் இருத்தி, மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தா. என்னவாம் என்று கேட்க முன்னமே நான், "நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை" என்று தொடங்கிவிட்டேன். மனுசி என்னைப் பாராமல் ஏதோ சொன்னா. லாம் சிரித்துக்கொண்டு, "உன்னை ஆர் கேட்டது, வெளியிலை போய் நிக்கட்டாம்" என்றான்.

பால்கனியில் நின்று கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். ஒரு கை, பிறகு மற்றக் கை. நாக்கை நீட்டச் சொன்னா. திரும்பவும் கை. அவ்வளவு நேரம் யாரும் யாருடைய கையையும் பிடித்து நான் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சொல்கூட இல்லை, இருவருக்கும் பொதுவான மொழியே இல்லை. பார்த்துக்கொண்டிருக்க அம்மா அழத் தொடங்கினா. ஒரு வருஷமாக அழாத மனுசி, தோள் குலுங்க அழுதா. சீனக்காரி கையை விடவில்லை. நான் கதவைத் திறக்கப் போனேன், லாம் உள்ளே இருந்து வேண்டாம் என்று கை காட்டினான். வெளியே நல்ல குளிர். உன்னுடைய கம்பளிச் சட்டைதான் போட்டிருந்தேன்.

பிறகு லாம் சொன்னதை எனக்கு விளங்கிய மட்டில் எழுதுகிறேன். ஊர் வைத்தியம் பார்க்கிற எங்கள் பரியாரிமார் வாயு என்று சொல்கிற மாதிரி, உடம்பு முழுக்க ஓடுகிற ஒன்று இருக்கிறதாம். அதை ஓடவைக்கிறது ஈரலாம். ஒருவர் கனகாலம் காத்திருந்தால், கோபத்தை விழுங்கினால், ஓட்டம் அங்கே முடிச்சு விழுந்து நிற்குமாம். நின்றால் நெஞ்சு அடைக்கும், பசி போகும், மனதுக்கு இருக்க இடம் இல்லாமல் நித்திரையும் போகும். அம்மாவின் நாடி இறுக்கிக் கட்டின கம்பி மாதிரி இருக்கிறதாம். எனக்கு அது உடனே விளங்கியது. நூலை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் மெஷினில் அதுதான் நடக்கும். மனுசி கடைசியாக ஒன்று சொன்னா. லாம் சொல்லத் தயங்கினான். "சொல்லடாப்பா" என்றேன். "உன்ரை மனுசி ஆரையோ ஏசவேணும், ஏசாமல் வைச்சிருக்கிறாவாம்" என்றான்.

யாரை என்று நான் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், குசினியில் வைத்து, ஆறு கிழமைக்கு முந்திக் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். பகிடி இல்லாமல் நான் ஒரு வசனம் கதைத்தால் அம்மா நிமிர்ந்து பார்ப்பா, பார்த்தா. "உமக்குச் சாகவேணும் போலை இருக்கோ?" என்றேன். கடைக்காரனுக்கு மறுமொழி சொல்வது போல, "இடைக்கிடை" என்றா. பிறகு, "உங்கடை ரீ ஆறுது" என்றா. நான் ரீயைக் குடித்தேன்.

திங்கட்கிழமை டாக்குத்தரிடம் ஓடினேன். இந்த முறை மொழிபெயர்ப்பாளர் வரட்டும், அவருடைய மனுசி ஊருக்குச் சொன்னால் சொல்லட்டும் என்றேன். முதல் தரம் நான் கேட்ட கேள்வி குளிரைப் பற்றியது என்பதையும் சொன்னேன். டாக்குத்தர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். அம்மாவோடு நெடுநேரம் கதைத்தார். இப்போது கிழமைக்கு ஒரு தரம் பார்க்கிறார், குளிசைப் போத்தில் என் பொறுப்பில், அம்மாவைக் கனநேரம் தனியே விடக்கூடாது. சீன வைத்தியத்தைப் பற்றியும், அவித்துக் குடிக்க ஹேர்னிங் மனுசி தந்த வேர்களைப் பற்றியும் பயந்து பயந்து சொன்னேன். ஊசி குத்துங்கள், ஆனால் அவிக்கிற மருந்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும், குளிசையோடு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், குளிசையைத் திடீரென நிறுத்தவும் கூடாது என்றார். ஹேர்னிங் மனுசிக்குச் சொன்னால், அவவும் அதே மாதிரிக் குளிசைப் போத்திலைக் கொண்டுவா என்றா, பார்த்துவிட்டு இரண்டு வேரை எடுத்து வெளியே போட்டா. மிச்சத்தின் பெயர்களை லாமின் மகள் டெனிஷில் எழுதித் தர, டாக்குத்தர் யாருக்கோ ரெலிபோன் எடுத்துக் கேட்டு, சரி என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. ஒருவர் புள்ளி என்கிறார், மற்றவர் ஓட்டம் என்கிறார். இருவரும் கேட்கிறது மட்டும் ஒரே கேள்விகள்: நித்திரை, பசி, எப்போதிருந்து. நடுவில் சைக்கிள் ஓடுகிறது ஐந்தாம் வகுப்போடு நின்ற நான்.

எது வேலை செய்கிறது என்று கேட்காதே. எனக்குத் தெரியாது, அவர்களும் அடித்துச் சொல்லவில்லை. அம்மா இப்போது நாலு மணித்தியாலம் நித்திரை கொள்கிறா. அரைக் கோப்பை சோறு சாப்பிடுகிறா. சில நாள் அதுவும் இல்லை. போன கிழமை நான் பாத்திரம் கழுவும்போது, "சத்தம் போடாதேங்கோ" என்றா. அன்று முழுவதும் எனக்குச் சந்தோசம். அடுத்த நாள் ஏச்சு விழவில்லை. எனக்குக் கைவந்த ஒரே தொழில் மற்றவர்களைச் சிரிக்கவைப்பது. ஒரு பஸ் நிறைந்த சனத்தைச் சிரிக்கவைத்தவன், ஒரு கதிரைக்கு முன்னால் நின்று கையைப் பிசைகிறேன்.

மறந்துவிட்டாவோ என்று கேட்டாயே. மறக்க முடிந்திருந்தால் சுகமாக இருந்திருப்பா என்று நான் நினைத்தேன். அதை டாக்குத்தரிடம் சொன்னபோது, அப்படியும் சொல்லாதீர்கள், மகன் தான்தான் காரணம் என்று நினைத்துவிடுவான் என்றார். ஆகவே தெளிவாக எழுதுகிறேன். நீ காரணம் இல்லை. உனக்கு எழுதாதது கோபத்தில் இல்லை. பேனையைத் தூக்குகிற அளவுக்கு அந்த மனுசிக்குள் ஒன்றும் மிச்சம் இல்லை. கால் முறிந்தவ ஓடி வரவில்லை என்று நினைத்துக்கொள்.

கலியாணம் செய்யப்போகிறவனுக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும். இருபத்தொரு வயதில் என்ன அவசரம் என்று கேட்க எனக்கு வாய் இல்லை, நான் இருபத்திரண்டில் கட்டினவன். என்னிடம் இருப்பது ஒரே ஒரு புத்தி, அதையும் பிழை விட்டுத்தான் படித்தேன். நீ கட்டப்போகிற அந்தப் பிள்ளையைக் கேட்ட கேள்விக்கு நீ மறுமொழி சொல்லாதே. டாக்குத்தர் கேட்டாலும், மாமா கேட்டாலும், பக்கத்து வீடு கேட்டாலும், அவள் வாய் திறக்கும் வரைக்கும் பொறு. வரவா, இருக்கவா என்று அவள் கேட்டால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லு. ஆறு மாதம் என்று சொல்லாதே. அவள் உன்னை ஏசினால் சந்தோசப்படு. ஏச்சு நின்றால் அன்றைக்கே ஓடிப்போய் நூலைத் தேடு.

உன் கடிதத்தை இன்று காலை அம்மாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன், அந்த வரியையும் சேர்த்து. மேசையில் பேனையை வைத்தேன். "தம்பி உம்மைத்தான் கேக்கிறான். என்ன சொல்ல?" என்று கேட்டேன். வாயில் நூறு மறுமொழி வந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மணிக்கூட்டில் இருபது நிமிடம். அம்மா பேனையை எடுத்து, மூடியைக் கழற்றி, திரும்பவும் மூடினா. கடிதத்தை வாங்கி மடித்துத் தன் மடியில் வைத்தா. "பிறகு சொல்லுறன்" என்றா.

அதுதான் அம்மாவின் மறுமொழி. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தை மாதத்துக்குள் "பிறகு" வருமோ என்று எனக்குத் தெரியாது. கையெழுத்து வைக்கிறதும் பொறுத்திருக்கிறதும் உன் கேள்வி, அதற்கும் நான் மறுமொழி சொல்லமாட்டேன். உன் கடிதம் இப்போதும் அவவின் மடியில்தான் இருக்கிறது.

ஹேர்னிங் மருந்தை ஆறு கோப்பை தண்ணீரில் போட்டு இரண்டு கோப்பையாக வற்றவைக்க வேண்டும். இந்தக் கடிதத்தைத் தொடங்கும்போது அடுப்பில் வைத்தேன். அது ஒரு கோப்பையும் இல்லாமல் வற்றி, சட்டி கருகி, வேர்கள் அடியில் ஒட்டிவிட்டன. வீடு முழுக்கப் புகை. அம்மா எழும்பி வந்து ஜன்னலைத் திறந்துவிட்டு, சட்டியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, போய்க் கதிரையில் இருந்தா. கீழ் வீட்டு டெனிஷ் மனுசி வந்து கதவைத் தட்டி, சமையல் நல்ல வாசமாக இருக்கிறது, என்ன கறி என்று கேட்டா. கோழி என்றேன்.

அப்பா